அளக்காமல் எழுதிய ஆயிரத்து இருநூறு

ஆஸ்பத்திரி ஆயா பெருக்குவதையும் துடைப்பதையும் எல்லோரும் பார்ப்பார்கள்; மூத்திரம் அளப்பதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. இந்த வேலையில் கிடந்து அல்லாடும் பெண்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜாடி

எங்களுடையது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி. இரும்புக் கம்பெனியில் தகடு விழுந்து, கால் புண் சீழ் பிடித்து வந்து படுத்தார் ஏழுமலை. காலையும் மாலையும் நரம்பில் கடுமையான மருந்து ஏற்றினார்கள். அவருடைய மூத்திரத்தை ஜாடியில் அளந்து அட்டையில் எழுதுவது என் பொறுப்பு. நர்ஸ் காரணமும் சொன்னாள்: "இந்த மருந்து கிட்னிய அடிக்கும் ஆயா. மூத்திரம் கொறைஞ்சா ஒடனே சொல்லு. புண்ணு ஆறி கிட்னி போச்சுன்னா இன்னா பிரயோஜனம்?"

தேவகியின் கூச்சம்

அவர் மனைவி தேவகி, இரண்டாம் நாளிலிருந்து நான் வருவதற்குள் மூத்திரத்தைக் கக்கூசில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். திட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கோ இன்னும் ஏழு கட்டில் பாக்கி. முதல் நாள் அளந்த ஆயிரத்து இருநூறு மில்லியையே அடுத்த மூன்று நாளும் எழுதினேன். எவ்வளவு இருந்தது என்று கேட்டால் அவள் சொல்வது இதுதான்: "எப்பவும் போலத்தான்க்கா. கூடப் பொறந்தவ மாரி இருக்கற, உன்ன போய் இத தூக்க வுடுவனா?"

உப்பிய முகம்

ஐந்தாம் நாள் ஏழுமலையின் முகமும் பாதமும் உப்பியிருந்தன. "இப்பத்தான் சோறு ஒடம்புல ஒட்டுது" என்று தேவகிக்குச் சந்தோஷம். மூத்திரம் இறங்காமல் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் சொன்னால் அட்டையில் பொய் எழுதியதையும் சொல்ல வேண்டும், வேலை போய்விடும். அட்டையை அப்படியே எடுத்து நீட்டினேன். டாக்டர் அட்டையைப் புரட்டிவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "யூரின் நல்லாத்தானே போகுது. பிளட் டெஸ்ட் திங்கக்கிழமை எடுத்துக்கலாம்."

ஷேர் ஆட்டோவில்

திங்கட்கிழமை ரத்த ரிசல்ட் வந்த கையோடு, கிட்னி போய்விட்டது என்று ஏழுமலையை ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். மாதங்கள் கழித்து ஷேர் ஆட்டோவில் தேவகி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழுமலைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கால் புண் சுத்தமாக ஆறிவிட்டதாம். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "இப்ப நானே ஜாடி வாங்கி வெச்சிக்கினுகீறேன்க்கா. அளக்கத்தான் ஒண்ணும் வர மாட்டுது."

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எண்ணும் எழுதத் தெரியாதவளாக இருந்திருந்தால், அட்டையில் அந்தக் கட்டமாவது காலியாகக் கிடந்து டாக்டரை ஒரு கேள்வி கேட்க வைத்திருக்கும்.