நான் சேர்த்துச் சொன்ன சேதிகள்

எங்கள் குடும்பத்தின் முதல் மத்தியஸ்தர் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. யாரும் நியமிக்கவில்லை, வேலை தானாக வந்து சேர்ந்தது.

அப்பா கே.கே. நகர் வீட்டில் இருந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்து வழக்கு கோர்ட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே என்னைக் கைமாற்றுவார்கள். சாலையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. பஸ் வராத நேரம் பார்த்து அம்மா என் முதுகைத் தட்டுவாள், நான் ஓடுவேன். இருவருக்கும் பேச்சே கிடையாது. சேதி எல்லாம் என் வழியாகத்தான்.

“ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விடணும்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்று அம்மா கறாராகச் சொல்லி அனுப்புவாள். பாதிச் சாலை தாண்டுவதற்குள் அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்காமல் போய்விடும். ஒரு நாள் அப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, “அம்மா உங்களை வெயில்ல நிக்க வேணாம்னாங்க” என்று சேர்த்துவிட்டேன்.

“அவளா சொன்னா?” என்று அப்பா இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வாரம் புதுக் குடையோடு வந்து நின்றார். அம்மா இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, “குடை வேறயா? பெரிய கலெக்டரு” என்றாள். “குடை நல்லாயிருக்குன்னாங்க” என்று மாற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எனக்கு நாக்கு கூசவே இல்லை. வாரத்துக்கு ஒன்று சொன்னேன். அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். கோர்ட் வளாகத்திலேயே ஓர் அறை, வட்ட மேசை, நடுவில் தண்ணீர் பாட்டில். அங்கே மத்தியஸ்தராக ஒரு வக்கீலம்மா இருந்தார். “நான் தீர்ப்பு சொல்ல மாட்டேங்க. யாரு பக்கமும் பேச மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர்றதுக்கு உதவி பண்ணுவேன், அவ்வளவுதான்” என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் அம்மாவை ஓர் அதட்டு அதட்டி அப்பாவோடு அனுப்பிவைப்பார் என்று நம்பி, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அப்பா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பிரியறதுக்கு நான் சம்மதிக்கல. அவ மனசு மாறிட்டு வருது, உனக்குத் தெரியாதா?” என்றார்.

அப்புறம் வக்கீலம்மா என்னையும் கூப்பிட்டார். “வெளியில போரடிக்குதாம்மா?” என்றுதான் கேட்டார். நான் அழுதுகொண்டே, அப்பாவிடம் சேர்த்துச் சொன்னதை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, “இதை அவங்ககிட்ட நான் சொல்லலாமா? நீ வேணாம்னா சொல்ல மாட்டேன்” என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படி அனுமதி கேட்டதில்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அப்பா வழக்கம்போலக் குடையோடு வந்தார்.

ஆனால் அந்த ஞாயிறு கே.கே. நகர் வீட்டில் பெயிண்ட் வாசனை அடித்தது. அப்பா சமையலறைக்கு அம்மாவுக்குப் பிடித்த இளம்பச்சையை அடித்துக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் முடிந்திருந்தது. “வந்து பாத்தா சந்தோஷப்படுவா இல்ல?” என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை நானே வக்கீலம்மாவிடம் போய், “சொல்லிடுங்க” என்றேன்.

மூன்று பேரும் உள்ளே வெகுநேரம் இருந்தார்கள். அப்பா சிவந்த கண்ணோடு வந்து என் தலையைத் தடவினார். பிறகு இன்னும் இரண்டு தடவை கூடிப் பேசி, பிரிந்து வாழ்வதென்று கையெழுத்துப் போட்டார்கள். ஞாயிறு அப்பாவோடு, மற்ற நாள் அம்மாவோடு, என் படிப்பைப் பற்றி இருவரும் சேர்ந்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. எனக்கு வக்கீலம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பேரைச் சேர்த்துவைக்கத் தெரியாதவர் என்ன மத்தியஸ்தர்?

அதற்கடுத்த ஞாயிறு அப்பா குடையில்லாமல் நின்றார். அம்மா என் முதுகைத் தட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே சாலையைக் கடந்தாள். அப்பாவின் எதிரே போய் நின்று, எங்கேயோ பார்த்தபடி, “வெயில்ல நிக்காதீங்க. குடை எங்க?” என்றாள்.

“வீட்டுல இருக்கு” என்றார் அப்பா. பிறகு அவளிடமே, “ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுர்றேன்” என்றார்.

அவர்கள் அதற்கப்புறமும் ஒரே வீட்டில் இருக்கவில்லை. ஆனால் ஒரு சேதியைக்கூட என்னிடம் கொடுத்தனுப்பவும் இல்லை. அன்றைக்கு பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஏன் என்று அப்பா கேட்டார்.

“நீங்களே பேசிக்கிறீங்க. இனிமே நான் எதுக்குப்பா?” என்றேன்.

அப்பா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். என் வேலையை அந்த வக்கீலம்மா பிடுங்கிவிட்டார் என்றே பாலம் முடியும்வரை அழுதேன்.