ஜெஸிந்தா எழுந்து போன கடைசி ஓவர்

குன்னூர் பஜாருக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில் இருக்கும் ஜெஸிந்தாவின் வீட்டில், கிரிக்கெட் நடக்கும் நாளில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. ஸ்வெட்டர் கடை ஹாஜாவுக்கு ஜன்னலோரத்து ஸ்டூல். டெம்போ ஓட்டும் மனோகரனுக்குக் கதவுப் பக்கம் பாய்; ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அவர் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் நெல்சனுக்குப் பிரம்பு நாற்காலி. நெல்சனின் மனைவி ஜெஸிந்தாவுக்குச் சமையலறை.

பந்து போடுகிறவன் எங்கோ சென்னையிலோ மும்பையிலோ போடுகிறான், அடிக்கிறவன் அங்கே அடிக்கிறான். ஆனால் அவனை ஜெயிக்க வைப்பதும் தோற்க வைப்பதும் குன்னூரில் மனோகரனின் மூத்திரப்பைதான் என்று இந்த மூன்று ஆண்பிள்ளைகளும் மனதார நம்பினார்கள். படித்தவர்கள்தான், விவரம் தெரிந்தவர்கள்தான். கிரிக்கெட் என்று வந்துவிட்டால் மட்டும் விவரத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள்.

ஜெஸிந்தாவைச் சமையலறைக்கு அனுப்பிய கதை கல்யாணமான புதிதில் நடந்தது. நெல்சன் அப்போது ஒரு டீ ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். கூட்டாளிகளுக்கு இஞ்சி டீயும் வர்க்கி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு அவள் ஹாலுக்குள் வந்தாள். ஒரு விக்கெட் விழுந்தது. காலி டம்ளர்களை எடுக்க வந்தாள், இன்னொன்று விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "நீ சித்த உள்ளயே இரு புள்ள" என்று நெல்சன் விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு டீம் ஜெயித்துத் தொலைத்தது. விளையாட்டு அதோடு சட்டமாகிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வீட்டிலேயே கிரிக்கெட் மேல் அதிகப் பித்து அவளுக்குத்தான். அவள் கேத்தியில் பிறந்தவள். கேரட் பிடுங்கிய காட்டில் அண்ணன் பெனிஸும் அவன் சேக்காளிகளும் ஆடும்போது, அடுக்கடுக்காய்க் கீழே இறங்குகிற நிலத்தில் பந்து எந்த அடுக்கில் விழும் என்று பார்த்து முன்கூட்டியே ஓடி நிற்பது அவள் வேலை. பேட்டை அவளிடம் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால் என்ன, ஆட்டம் கண்ணுக்குள் ஏறிவிட்டது. கல்யாணத்துக்குப் பின் பங்குக் கோவிலை ஒட்டிய நர்சரிப் பள்ளியில் டீச்சரானாள். அங்கே குழந்தைகளுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் சமையலறையில் சும்மா நிற்பாளா? வழி கண்டுபிடித்தாள். டி.வி. சமையலறைச் சுவரை ஒட்டி இருந்ததால் அங்கிருந்து அது தெரியாது. ஆனால் எதிர்ச்சுவரில், ஆண்களின் தலைக்கு மேலே, இயேசுவின் திருஇருதயப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. கதவுத் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு நின்றால், அந்தப் படத்தின் கண்ணாடியில் டி.வி. முழுதாகத் தெரியும். என்ன, எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். வலக்கைக்காரன் இடக்கைக்காரனாக நிற்பான். ஸ்கோர் எண்கள் தலைகாலில்லாமல் இருக்கும். பழகினால் எல்லாம் சரியாகிவிடும். ஆண்டவருடைய அங்கியின் மேல் சிக்ஸர் பறப்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

அந்தப் படத்துக்கு நேர் கீழே நெல்சனின் பிரம்பு நாற்காலி. மேலே ஆட்டம், கீழே புருஷன் முகம். பந்து உயரப் போகும்போது அவர் வாய் திறந்துகொள்ளும். விக்கெட் விழுந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்ததை அவள் அந்த முகத்தில் தெளிவாகப் படித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் அவள் கிரிக்கெட் பார்த்தது இப்படித்தான்.

ஒருமுறை திரை இடுக்கில் அவள் படத்தையே உற்றுப் பார்ப்பதைக் கண்டுவிட்ட மனோகரன், அண்ணி நமக்காக ஜெபம் பண்ணுகிறார்கள் என்று சொல்லி நெகிழ்ந்துபோனார். பஜார் முழுக்க அது பரவியது. அவள் மறுக்கவில்லை. படம் மட்டும் அடிக்கடி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். துடைக்கும்போது நிமிர்த்தி வைப்பாள். அடுத்த ஆட்டத்தன்று மறுபடி சாய்ந்திருக்கும். ஆணி தளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் தவக்காலத்தில் நெல்சனுக்கு நெஞ்சுவலி வந்தது. மலையிறக்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வார்டுக்கு வெளியே நடைபாதையிலேயே நின்றாள் ஜெஸிந்தா. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள் என்று நர்ஸ் எத்தனையோ தடவை சொன்னாள். அவள் அசையவில்லை. பயந்த சுபாவம் போல என்று நர்ஸ் நினைத்திருப்பாள். பயம்தான், ஆனால் வேறு பயம். தான் உட்கார்ந்தால் விழும் என்று ஒருத்திக்கு இருபது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால், அது எலும்பில் போய் உட்கார்ந்துவிடாதா?

கடைசியில் நெல்சனே ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படத்துக் கண்ணாடியில பார்க்கறது எனக்குத் தெரியும் புள்ள. நாந்தான் உனக்குத் தெரியட்டும்னு அதைச் சாய்ச்சு சாய்ச்சு வெப்பேன். இந்த வருசம் நம்ம டீமு ஃபைனலுக்கு வந்தா என்ற பக்கத்துல வந்து உட்காரு. ராசியாவது மண்ணாவது."

சரிங்க என்றாள். அன்று விடிவதற்குள் அவர் போய்விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே போனார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எதையெதையோ பேசினார்கள், இதை மட்டும் பேசவில்லை. அவளேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வெளியே நின்றிருந்தவரை மனுஷன் இருந்தார். நீ போய் உட்கார்ந்தாய், போய்விட்டார். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் சொல்லவில்லை. கண்ணீரும் வரவில்லை. முப்பதாம் நாள் பூசையில் எல்லோரும் அழுதபோது அவள் மட்டும் காய்ந்த கண்ணோடு நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது.

டீம் ஃபைனலுக்கு வந்தது.

ஹாஜா போன் பண்ணினான். வரலாமா, இல்லை எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வாங்க தம்பி என்றாள். சீசன் கூட்டம் கடையை மொய்த்த நேரத்தில், அதைத் தன் தம்பி முபீனிடம் விட்டுவிட்டு வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தான். மனோகரனும் வந்தார். ஸ்டூலில் அவன், பாயில் இவர். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. ஜெஸிந்தா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

மனோகரன் ஹாஜாவைப் பார்த்தார். ஹாஜா டி.வி.யைப் பார்த்தான். ராசியில்லாதவள் என்ற பேர் போதாதென்று இப்போது தாலியும் இல்லாதவள். மனோகரன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் உட்கார்ந்தாள். வாக்குக் கொடுத்திருந்தாள், அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. தான் உட்கார்ந்திருக்க டீம் ஜெயித்துவிட்டால், ஆஸ்பத்திரியில் நடந்ததும் தன்னால் இல்லை என்று ஆகிவிடும். பைத்தியக்காரக் கணக்குதான். ஆனால் வேறு யாரிடம் போய் அவள் இதைக் கேட்பாள்?

எதிரணி நன்றாக அடித்து வைத்திருந்தது. நம் ஆட்கள் இறங்கினார்கள். நேராகப் பார்க்கும்போது வலக்கைக்காரன் வலக்கைக்காரனாக நின்றதில் முதலில் அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு பழகிவிட்டது. விக்கெட்டே விழவில்லை. ஓவர் மேல் ஓவராக ரன் ஓடியது. அடுத்ததை மெதுவாகப் போடுவான் பாருங்க என்றாள். அப்படியே போட்டான், அடி விழுந்தது. அக்காவுக்கு ராசி திரும்பிவிட்டது என்று ஹாஜா சிரித்தான். மனோகரனும் சிரித்தார். இரண்டு மாதமாக ஒரு வாய்ச் சோறு ருசிக்காதவள், வர்க்கியை எடுத்துக் கடித்தாள். ருசித்தது. காலி நாற்காலியின் கைப்பிடிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒன்று விழுந்தது. போகட்டும் என்றான் ஹாஜா. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒரே ஓவரில் இரண்டு. ஹாஜாவின் சிரிப்பு நின்றது. கைப்பிடிமேல் இருந்த அவள் கை தானாக மடிக்கு வந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர்கள் பட்ட பாடுதான் அவள் முகத்தில் அறைந்தது.

கடைசி ஓவருக்குப் பத்து ரன் வேண்டும். பந்து போடுகிறவன் ஃபீல்டர்களை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான். மனோகரன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, டீ கிடைக்குங்களா?"

கடைசி ஓவரில் டீ கேட்கிற கிரிக்கெட் பைத்தியம் உலகத்தில் கிடையாது. ஹாஜாவுக்கும் அது தெரியும், அவன் வாயைத் திறக்கவில்லை. மாட்டேன் என்று ஜெஸிந்தா சொல்லியிருக்கலாம். நெல்சனுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. ஆனால் தான் உட்கார்ந்திருக்கும்போதே தோற்றுவிட்டால்? அந்தத் தீர்ப்பைக் காதால் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. இந்தா போடுறேனுங்க என்று எழுந்து உள்ளே போனாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் நின்றாள். திரையை விரலளவு விலக்கினாள். படம் நேராக இருந்தது. சாய்த்து வைக்க ஆள் இல்லை. கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால்தான் கண்ணாடியில் பாதித் திரை தெரிந்தது. மேலே ஆட்டம், கீழே வெறும் நாற்காலி. முகம் இல்லாமல் அவளுக்கு ஆட்டம் பிடிபடவில்லை.

முதல் பந்தில் ஒரு ரன். அடுத்தது நாலு. ஹாஜா தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இடிந்தது. நான் எழுந்து வந்ததும் அடிக்கிறான் பார், அப்படியானால் எல்லாம் நான்தான். டீம் ஜெயிக்கவும் வேண்டும், ஜெயித்துவிடவும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு திருஇருதயத்தைப் பார்த்தாள். பஜார்க்காரர்கள் சொன்னதுபோல அன்றுதான் அவள் நிஜமாக ஜெபம் பண்ணினாள்.

ஒரு ரன். ஒன்றுமில்லை. இரண்டு ரன். கடைசிப் பந்தில் இரண்டு ரன் எடுத்தால் கோப்பை. பந்து உயரே போனது. கண்ணாடியில் அது ஆண்டவரின் தோள்பட்டையைத் தாண்டிப் போய், எல்லைக் கோட்டில் நின்றவன் கைக்குள் இறங்கியது.

ஒரு ரன்னில் தோற்றார்கள். ஹாலில் சத்தமே இல்லை. சந்தில் எந்த வீட்டிலும் சத்தமில்லை. மேல்வீட்டுப் பையன்கள் வெடிக்க வைத்திருந்த சரவெடியும் வெடிக்கவில்லை. பால் மட்டும் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அவள் டீ போட்டு எடுத்து வந்தாள். மனோகரன் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தார். ஹாஜாவின் கண் சிவந்திருந்தது. கடைக்கார மனுஷன், ஒரு ரன்னுக்காகக் குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆற்றாமையில் மனோகரன்மேல் பாய்ந்தான்.

"பெருசா அக்காவை எழுப்பி உள்ள அனுப்பினீங்களேண்ணா. அனுப்பியுந்தான் தோத்துட்டமே?"

ஜெஸிந்தா தட்டோடு அப்படியே நின்றாள்.

"நான் உள்ள போயும் தோத்துருச்சுங்களா தம்பி?"

"அதாங்க்கா சொல்றேன். அவனவன் அடிக்காம விட்டதுக்கு நீங்க என்னங்க்கா பண்ணுவீங்க? நீங்க உட்கார்ந்தா என்ன, எந்திரிச்சா என்ன. எல்லாம் நாங்களா கட்டிவுட்டதுங்க."

அவன் கிரிக்கெட்டைத்தான் சொன்னான். அவளுக்கு அது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போய் எட்டியது. தட்டை டி.வி. மேசையில் வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். அடக்கத்தன்று வராதது, முப்பதாம் நாளும் வராதது, அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத அழுகை.

மனோகரன் பதறி எழுந்து வந்தார். அழாதீங்க அண்ணி, அடுத்த வருசம் கோப்பை நமக்குத்தான் என்று தன் அழுகையை மறந்து அவளைத் தேற்றினார். தோற்றதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தார் அந்த நல்ல மனுஷர். பாவி மகள் நெஞ்சில் இருந்த கல் அப்போதுதான் இறங்கியது. இறங்கின இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது அவருக்கு எப்படித் தெரியும்?

வெகுநேரம் கழித்து ஜெஸிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காலி நாற்காலியின் கைப்பிடிமேல் கையை வைத்தாள்.

"அப்ப நான் இத்தனை வருசமும் அவரு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கலாமில்லீங்க?"

டி.வி.யில் எதிரணிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாஜா எழுந்து போய் அதை அணைத்தான். மூன்று பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.