பரமேஸ்வரி கேட்ட திறந்தவெளி

செய்தி வந்தபோது நான் ஈப்போவில் இபுராகிம் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இபுராகிம் கல்லாவை விட்டு எழுந்து என் மேசைக்கு வந்தார். அவர் கல்லாவை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“அண்ணே, ஜெலாப்பாங்ல பரமு அக்கா தவறிட்டாங்களாம்லா. காலையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தவங்க அப்படியே உக்காந்துட்டாங்களாம்.”

“இருக்காது,” என்றேன். “நேத்து சாயங்காலம்தான் என்னைய முட்டாள்னு சொல்லிச்சு.”

இதை ஒரு மருத்துவச் சான்றிதழைப் போல எடுத்து நீட்டினேன். இபுராகிமும் அதை அலட்சியப்படுத்தவில்லை.

“நேத்தா? நல்லா சத்தமாவா சொன்னாங்க?”

“தெருவுக்கே கேட்டுச்சு.”

“அப்புறம் எப்படிண்ணே?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

வந்த செய்தி தவறு என்று நிரூபிக்க நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் உண்மையாகவே முயன்றோம். முடியவில்லை. அவர் நாற்பது வயதைக் கடந்து அதிக நாளாகவில்லை. காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்தவர் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது ஒரு தவறான தகவலாகவே படுகிறது. யாராவது திருத்தம் வெளியிடுவார்கள் என்று காத்திருக்கிறேன்.

பரமேஸ்வரியை உங்களில் பலர் அறிவீர்கள். பேராக் மாநிலத்தில் டிரம் அடிப்பவர்களும், டிரம் அடிப்பவர்களின் பக்கத்து வீட்டில் வசிக்கும் துர்ப்பாக்கியம் பெற்றவர்களும் அவரை அறியாமல் இருக்க வழியில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவுக்கு வெளியே, வெள்ளைமலைத் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். மாலையில் அந்தத் தோட்டத்தின் முரசுக் குழுவை நடத்தினார். சின்ன டிரம், பெரிய டிரம், சிம்பல், இரண்டு பியூகிள் ஊதுகுழல்கள், வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு. நான் பெரிய டிரம்மைச் சுமந்தேன். அடித்தேன் என்று சொல்வதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் தலைவியான விதம் எளிமையானது. முந்தைய தலைவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய கிராணி. அவர் மாற்றலாகிப் போனதும் குழுவை நடத்தும் கோல் அனாதையாகக் கிடந்தது. அதை எடுக்கத் தகுதியான ஆண் யார் என்று எங்கள் ஆண்கள் வாரக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். ஒரு மாலை பரமேஸ்வரி கோலை எடுத்து, “வரிசை!” என்றார். வரிசை நின்றது. ஆண்கள் அதன் பிறகும் சிறிது காலம் கூட்டம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவருடைய பாடத்திட்டம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும். ஒன்று: “அழகா நிக்க வேணாம். பக்கத்தில நிக்கிறவன் மாதிரி நின்னா போதும்.” மற்றது திறந்தவெளியைப் பற்றியது. எழுபதுகளில் மாநிலப் போட்டியை எங்கே நடத்துவது என்று ஆண்டுதோறும் சண்டை வரும். திறந்த திடலா, கூரை போட்ட விளையாட்டு மண்டபமா என்பதுதான் கேள்வி. மண்டபம் என்றால் மழைக்குப் பயமில்லை, நாற்காலி உண்டு, பிரமுகர்களுக்கு மின்விசிறி உண்டு. பரமேஸ்வரி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று ஒன்றைத்தான் சொல்வார்:

“கூரைக்குக் கீழ அடிக்கிறது அடியே இல்ல. பாதிச் சத்தம் நம்மது, பாதி தகரத்தோடது. ஜெயிச்சா கப்பு யாருக்கு? தகரத்துக்கா?”

கைதட்டல் எழும். அதில் என் கையும் இருக்கும்.

திறந்தவெளிக்காக இவ்வளவு பேசிய குழு, திறந்தவெளியில் எப்படி அடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லூமுட்டில், கடலோரத் திடலில், எங்கள் முன்வரிசை ஒரு பாட்டையும் பின்வரிசை இன்னொரு பாட்டையும் அடித்தன. நாங்கள் கடைசி. “கடல் காத்துலா,” என்றார் பரமேஸ்வரி. அடுத்த ஆண்டு தஞ்சோங் மாலிமில். அங்கே கடல் இல்லை. ஆனாலும் நாங்கள் கடைசி. “புல்லு ஈரம். காலு வழுக்கினா கையும் வழுக்கும்,” என்றார். தோட்டத்தில் தினமும் கடிகாரம் போல அடித்த அதே ஆட்கள்தான். ஊர் தாண்டினால் ஒவ்வொருவரும் எதற்கோ காத்திருப்பவர்களைப் போல் தடுமாறினார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு போட்டியை நடத்தும் செயற்குழுவின் தலைவர் நேரில் தோட்டத்துக்கு வந்தார். சபாரி உடை, சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர். குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“இன்னொரு தடவை கடைசியா வந்தீங்கன்னா, உங்களை ஈப்போ நகரக் குழுவோட சேர்த்துடுறதா முடிவு. டிரம்மெல்லாம் அவங்க எடுத்துக்குவாங்க. உங்க பிள்ளைங்க பின்னால கொடி பிடிச்சு வரலாம்.”

“கொடியா?” என்றார் பரமேஸ்வரி.

“நல்ல கொடிதாம்மா. பட்டுக் கொடி.”

அந்த ஆண்டு மழை விடவில்லை. போட்டி ஈப்போவில் ஒரு மண்டபத்தில் என்று அறிவித்தார்கள். பரமேஸ்வரி தலைவரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

“வெளிய மழை பெய்யுதே அம்மா.”

“பெஞ்சா நனைவோம்.”

“டிரம் நனையுமே.”

“தொடைப்போம்.”

“பிரமுகர்கள் நனைவாங்களே.”

“அவங்களையும் தொடைப்போம்.”

மண்டபம்தான் என்று முடிவாயிற்று. கொடி பிடிப்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு லாரி ஏறினோம். திடலிலேயே கடைசியாக வந்தவர்கள் தகரக் கூரைக்குக் கீழே என்ன ஆவார்கள்? எங்களுக்கு முன்னால் அடித்த குழுக்கள் எல்லாம் அங்கே நொறுங்கின. தங்கள் சத்தமே தலைக்கு மேலிருந்து திரும்பி விழுவதைக் கேட்டு மிரண்டார்கள். நகரக் குழுவின் சிம்பல்காரர் நடுவில் நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பிறகு நாங்கள் அடித்தோம். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. முதல் அடி போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. எங்கள் அடுத்த அடி அதன் மேல் போய்ப் பொருந்தியது. பின்வரிசை, முன்வரிசை, பியூகிள்கள் எல்லாம் ஒரே உடம்பு. நடுவே நான் பரமேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சியான முகம் இல்லை அது. தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைக் கண்டவரின் முகம். அவருடைய கோல் ஒரு கணம் அசையாமல் நின்றது. குழு அவர் இல்லாமலே சரியாக அடித்தது.

கப் எங்களுக்கு. அதைக் கொடுக்கும்போது தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “வெற்றி பெற்ற குழுவின் தலைவி பல ஆண்டுகளாக வைத்துவரும் கோரிக்கையை ஏற்று, இனி எல்லாப் போட்டிகளும் திறந்தவெளியிலேயே நடைபெறும்!” மண்டபம் அதிரக் கைதட்டியது. கூரை அதை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தது.

திரும்பி வரும் லாரியில் எல்லாரும் பாடினார்கள். பரமேஸ்வரி பாடவில்லை. தோட்டத் திடலை அடைந்ததும் லாரியை நிறுத்தச் சொன்னார். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு சின்ன டிரம்மை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நாங்கள் தினமும் நிற்கும் இடத்தில் நின்று, ஒரே ஒரு அடி அடித்தார்.

திடலுக்கு எதிரே சுண்ணாம்பு மலை, செங்குத்தான வெள்ளைச் சுவராக நிற்கிறது. அது பதில் அடித்தது.

இன்னொரு முறை அடித்தார். மலையும் அடித்தது.

“கேட்டுச்சா?” என்றார்.

கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்டதுதான். அதனாலேயே நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. பின்வரிசை இத்தனை ஆண்டுகளாகக் கோலைப் பார்த்து அடிக்கவில்லை. மலையைக் கேட்டு அடித்திருக்கிறது. லூமுட்டிலும் தஞ்சோங் மாலிமிலும் நாங்கள் காத்திருந்தது அதற்குத்தான். மண்டபத்தில் கூரையும் சுவரும் மலையின் வேலையை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்துவிட்டன. மாநிலத்திலேயே திறந்தவெளிக்காக அதிகம் வாதாடிய குழு, மாநிலத்திலேயே திறந்தவெளியில் அடிக்கத் தெரியாத ஒரே குழு.

முன்வரிசை லெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அக்கா, அப்ப அடுத்த வருஷம் வெளியில…”

“கொடிதான்,” என்றார் பரமேஸ்வரி.

சில நாட்கள் கழித்து மறுபடி தலைவரிடம் போனோம். பொதுவாழ்வில் நான் கேட்ட அபூர்வமான வாக்கியம் ஒன்றை அன்று பரமேஸ்வரி சொன்னார். “ஐயா, நான் இவ்வளவு நாளு சொன்னது தப்புங்க. எங்களுக்குக் கூரை வேணும்.”

தலைவர் நெடுநேரம் சிரித்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு பல மேடைகளில் அப்படியே எடுத்தும் சொன்னார். நான் குறுக்கிட்டு, கப் வாங்கியாயிற்றே, நகரக் குழுவோடு சேர்க்கும் பேச்சு இனி இல்லை அல்லவா என்று கேட்டேன்.

“அது எப்படி? கூரைக்குக் கீழ ஜெயிச்சது கணக்குல வராதே. கூரைக்குக் கீழ அடிக்கிறது அடியே இல்லன்னு அம்மாவே சொல்லியிருக்காங்க.”

வெளியே வந்து மழையில் நின்றோம். சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் சொன்னதைக் கேக்கவே மாட்டாங்கன்னு நெனைச்சுத்தான் அவ்வளவு சத்தமா சொன்னேன்,” என்றார் அவர்.

நான் யோசனைகள் சொன்னேன். மழையை நம்பலாம் என்றேன். நோயைக் காரணம் காட்டலாம் என்றேன். திடலைச் சுற்றித் தகரம் நிறுத்தலாம் என்றுகூடச் சொன்னேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. மறுநாள் மாலை குழு முழுவதையும் திடலைக் கடந்து, மலையைக் கடந்து, பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நட்டிருந்த வெட்டவெளிக்கு நடத்திக்கொண்டு போனார். முழங்கால் உயரக் கன்றுகள். எந்தப் பக்கமும் எதுவும் இல்லை.

“அடிங்க,” என்றார்.

அடித்தோம். சத்தம் போனது. திரும்பவில்லை. எங்கள் டிரம்கள் பிஸ்கட் டின்களைப் போலக் கேட்டன. யாரோ தோலைக் கழற்றி மாற்றிவிட்டார்கள் என்று சிம்பல்காரர் கோபால் சந்தேகப்பட்டார். லெட்சுமி அழுதேவிட்டாள். “அக்கா, போலாம்கா. நம்ம பாடாங் திடலுக்கே போலாம். இங்க ஒண்ணுமே இல்லக்கா.”

“இதுதான் நம்ம சத்தம்,” என்றார் பரமேஸ்வரி. “இவ்வளவுதான். தெரிஞ்சுக்கிட்டோம்ல. இனி இதை வச்சு அடிக்கணும்.”

அங்கேதான் மாதக்கணக்கில் அடித்தோம். புத்தியுள்ள மனிதர்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. கப் வாங்கிய குழு, தன்னை மறுபடி ஒன்றும் தெரியாத குழுவாக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கியது. பாதிப் பேர் விலகிவிடுவதாக மிரட்டினார்கள். அவர் யாரையும் கெஞ்சவில்லை. “பக்கத்தில நிக்கிறவனைக் கேளு. தூரத்தில இருந்து வரும்னு நிக்காத,” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த போட்டியில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தோம். வெயிலில், திறந்த திடலில், யாருடைய உதவியும் இல்லாமல் கடைசிக்கு முந்தினவர்கள். அன்று எங்கள் லாரியில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்ட முதலிடக் குழுவினர், முடிவுகளை மாற்றி வாசித்துவிட்டார்களோ என்று போய் விசாரித்தார்கள். டிரம்கள் எங்களிடமே இருந்தன.

எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். குழுவில் பெரும்பாலோர் ஜெலாப்பாங் தொழிற்சாலைகளுக்கு வந்தோம். டிரம்களும் வந்தன. இப்போது மறுபடியும் கூரை அரங்கம் பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. அவர் தவறியதற்கு முந்தைய நாள் மாலை அவர் வீட்டு வாசலில் நின்று நான் சொன்னேன்: ஒப்புக்கொள்வோம், கூரை என்றால் கப் நமக்குத்தான். அதற்குத்தான் முட்டாள் பட்டம். “கூரை குடுக்கிறதை வாங்கிக்கிட்டு வந்தா, நம்ம என்னத்தை அடிச்சோம்னு நமக்கே தெரியாதுலா,” என்றார். ஒரு நல்ல பதில் என்னிடம் இருந்தது. காலையில் வந்து சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

செய்தி வந்த அன்று பிற்பகல் அவர் வீட்டு முன்னால் கூடியிருந்தபோது, பழைய தோட்டத்து ஆட்கள் ஒரு யோசனை சொன்னார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் லாரியை வெள்ளைமலைத் திடலுக்குத் திருப்புவோம். அங்கே நிறுத்தி அடித்தால் சத்தம் எப்படி எழும்பும்! எல்லாரும் தலையசைத்தோம். நானும்தான். அவருக்கு அப்படி ஒரு பெரிய மரியாதை தகும் என்று நினைத்தோம்.

லெட்சுமி எழுந்து வந்தாள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். முன்வரிசையும் அவள் பொறுப்பு. முகம் வீங்கியிருந்தது.

“வேணாம்ணே. அங்க மலையும் சேர்ந்து அடிக்கும். அக்காவுக்கு நம்மதான் அடிக்கணும்.”

டிரம்களைத் தோளில் மாட்டினோம். வீட்டுக்கு எதிரே கட்டடம் எதுவும் எழும்பாத காலி மனை ஒன்று இருக்கிறது. அதில் வரிசையாக நின்றோம். கோல் பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு அடித்தோம். பெரிய சாலையில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் எங்களை எளிதாக மூழ்கடித்தன. அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஒரு கைகூடப் பிசகவில்லை. பரமேஸ்வரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சத்தத்தைத்தான். அது சின்னச் சத்தம். முழுக்க எங்களுடையது.