தனி மேசைக்கு நான் சொன்ன காரணம்

ஜொகூர் பாருவில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியின் விடுதிக்கு ஒன்பது விதிகள் இருந்தன. சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தட்டச்சு செய்து மாட்டியிருப்பார்கள். சப்பாத்து துடைப்பது, விளக்கணைப்பது, ஆங்கிலத்திலேயே பேசுவது என்று வரிசையாகப் போகும். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எவனையும் ஒதுக்கி வைக்கக் கூடாது என்பது நான்காவது விதி. வெள்ளைக்காரத் தலைமையாசிரியருக்கு அந்த விதியில் தனிப் பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் அதைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். பத்தாவது விதி பிற்பாடு என்னால் வந்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. விடுதிக்குச் சட்டாம்பிள்ளை நான்தான். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பெரிய கங்காணி. விடுமுறைக்குப் போய் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பாதையில் நடந்தால் ஆட்கள் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அதெல்லாம் என் தகுதிக்குக் கிடைக்கும் மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்ன தகுதி என்று என்னையே கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

விடுதியில் மலாய்ப் பையன்கள், சீனப் பையன்கள், நாங்கள் இரண்டு மூன்று தமிழர்கள். சமையல் ஒரு மலாய்க்கார அம்மாள். மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் ஆக்கியதை நான் மூக்குப் பிடிக்கத் தின்றேன். பக்கத்தில் இருந்த சீனப் பையனின் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்திருக்கிறேன். சாதி ஒரு நாளும் என் நினைவுக்கு வரவில்லை. அப்பாவும் முதலிலேயே சொல்லியிருந்தார். "அங்க போனா அவங்க வழக்கம்தான். யார் ஆக்கினாலும் சாப்பிட்டுக்க, படிப்புதான் முக்கியம்."

எனக்குப் பதினாறான அந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்தே ஒருவன் வந்து சேர்ந்தான். எனக்கு ஒரு வகுப்புக் கீழே. அவன் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள், என் அப்பாவின் கையின்கீழ் வேலை செய்பவர்கள், கீழ் லயத்துக்காரர்கள். எங்கள் கோயிலுக்குள் அந்த லயத்து ஆட்கள் வர முடியாது. வெளியே வேலியோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தோட்டப் பள்ளி வாத்தியார் அவன் படிப்பைத் துரையிடம் சொல்ல, துரை கடிதம் எழுத, பள்ளிச் சம்பளம் கட்டாமலே இடம் கிடைத்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலிதான் காலி. வந்து உட்கார்ந்தான். மற்றப் பையன்கள் கூப்பிடுவது போல என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர்க் கூஜாவைக் கொஞ்சம் தள்ளச் சொன்னான். நல்ல ஆங்கிலம், என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வயிற்றுவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுநாளும் சாப்பிடவில்லை. குழாயடியில் அவனைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசினேன்.

"நீ வேற எடத்துல உக்காந்துக்க."

அவனும் தமிழுக்கு மாறினான். மாறிய உடனே பெயர் போய் மரியாதை வந்துவிட்டது. "எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கறேங்க. ஆனா நாலாவது விதின்னு ஒண்ணு மாட்டியிருக்காங்களே. நீங்க பாக்கலீங்களா?"

வந்த அன்றே படித்திருக்கிறான். நான் அங்கே இரண்டு வருடமாக இருக்கிறேன், ஒன்பதையும் சேர்த்துப் படித்ததில்லை.

மூன்றாம் நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், நான்காவது விதியைக் காட்டி நல்ல பிரம்படி கொடுத்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால் வேறு மாதிரி சொன்னேன். எங்கள் மதத்தில் அவனுடைய ஆட்கள் தனியாகச் சாப்பிடுவதுதான் வழக்கம், எங்களோடு உட்கார்ந்தால் பாவம் என்று அவன் பயப்படுகிறான், சொல்ல வெட்கப்படுகிறான், அவன் படும் பாட்டைப் பார்த்துத்தான் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்றேன்.

அந்த மனிதர் முகம் வாடிப்போயிற்று. ஒரு பையனின் மனசைத் தெரியாமல் நோகடித்துவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார். உடனே அவனை வரவழைத்தார். என்னையும் அங்கேயே நிற்கச் சொன்னார், அவனுக்குத் துணையாக.

"தனியாகச் சாப்பிட வேண்டும் என்பது உன் விருப்பமா? பயப்படாமல் சொல். இங்கே உன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது" என்றார்.

இங்கே முடியாது. அது சரிதான். ஆனால் ரெங்கத்தில் என் அப்பா ஒரு சொல் சொன்னால் அவன் அப்பாவும் அம்மாவும் பொழுது சாய்வதற்குள் மூட்டை கட்ட வேண்டும். நான் அவனை மிரட்டவில்லை. சும்மா நின்றேன், அதுவே போதுமாயிருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"யெஸ், சார்" என்றான்.

அந்த வாரமே பத்தாவது விதி கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது. எந்த மாணவனின் சமூக வழக்கம் தனியாக உண்ணச் சொல்கிறதோ, அவனுக்குத் தனி மேசை தரப்படும், யாரும் அதில் குறுக்கிடக் கூடாது. சமையல்கட்டு வாசலில் ஒரு குட்டி மேசை வந்தது. மங்குத் தட்டும் குவளையும் தலைமையாசிரியர் தாமே வாங்கிக் கொடுத்தார். மற்றத் தட்டுகளும் அதே மாதிரி இருந்ததால், மாறிவிடக் கூடாதென்று அதன் அடியில் நான் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு வைத்தேன். அவ்வளவு சிரத்தை எனக்கு.

இரண்டு பள்ளித் தவணை அவன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டான். தலை நிமிராமல் தின்றுவிட்டுத் தட்டைக் கொண்டுபோய்ப் போடுவான். வகுப்பில் அவன்தான் முதல். ஒரு நாள் என் சீன நண்பன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தான். நான் போய்ப் புகார் செய்தேன். பிறர் வழக்கத்தை மதிக்கத் தெரியாததற்காக அந்த நண்பனுக்கு ஒரு சனிக்கிழமை தண்டனை கிடைத்தது. அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டான்.

வருடக் கடைசி விடுமுறைக்குப் பிறகு கீழ் லயத்துக்காரன் திரும்பி வரவில்லை. "அவன் அப்பனே வந்து சொன்னான், படிச்சது போதுமாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். ஏன் போதும் என்று நான் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் குடும்ப நிலைமை என்றேன்.

மக்சிக்கிடம் அவன் தட்டைத் தூக்கி எறியச் சொன்னேன். எந்தத் தட்டு என்று கேட்டார். சிவப்புப் பொட்டு வைத்தது என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தப் பொட்டு முதல் வாரமே சாம்பலில் தேய்ந்து போய்விட்டதாம். எல்லாத் தட்டையும் ஒரே தொட்டியில் கழுவி ஒரே அடுக்கில் வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். "செமுவா சாமா லா," என்றார், எல்லாம் ஒன்றுதான் என்று. இரண்டு தவணையும் அவன் தட்டில் நானும் தின்றிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சதைதான் போட்டிருந்தது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கடிதம் போட்டிருந்தால் அவனைத் திரும்ப அழைத்திருப்பார். நான் அந்த அடுக்கிலிருந்தே ஒரு தட்டை எடுத்து, போட்ட சோற்றைத் தின்றேன்.

பள்ளி முடிந்தபோது எனக்குக் கிடைத்த நன்னடத்தைச் சான்றிதழில், தன் இனத்து மாணவர்களின் மன உணர்வை அக்கறையோடு காத்தவன் என்று ஒரு வரி இருந்தது. எங்கள் தோட்டத்துத் துரை அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஆட்களோடு பழக இப்படிப்பட்டவன்தான் வேண்டும் என்று எனக்குத் தோட்டக் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை கொடுத்தார். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

வேலையில் சேர்ந்த மறுநாள் விடியற்காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தவர்களைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. தாளைத் திருப்பினேன். அவன் பெயர் இருந்தது. பள்ளியில் நான் ஒரு நாளும் கூப்பிடாத பெயர். விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாமா என்றுகூடப் பார்த்தேன். அப்படிச் செய்தால் அவனுக்கு அன்றைய கூலி போய்விடும். கூப்பிட்டேன்.

மற்றவர்களெல்லாம் "இருக்கேங்க" என்றுதான் சொன்னார்கள். பின் வரிசையிலிருந்து தலைமையாசிரியர் அறையில் கேட்ட அதே குரல், அதே நல்ல ஆங்கிலத்தில், "யெஸ், சார்" என்றது. நான் நிமிர்ந்து பார்க்காமல் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.