படிவத்தில் விழுந்த மின்னல்

மன்னாரில் ஐப்பசி இடி முழங்கத் தொடங்கினால் கடற்தொழிலாளர் வள்ளத்தைக் கரைக்கு இழுப்பார்கள். நான் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பேன்.

ஒரு மின்சாதனக் கடையில் திருத்துகிற வேலை. பதினாலு வருடமாகிறது. தலைமன்னாரிலிருந்து முசலி மட்டும் எரிந்த ரிவி, ஊமையான றேடியோ, சுழல மறுக்கிற உடுப்புத் துவைக்கிற மெசின் எல்லாவற்றுக்கும் நான்தான் போய்க் கையைப் பிடித்துப் பார்க்கிறவன். இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஏதோவொரு மாரியில் ஏதோவொன்று புகைந்திருக்கும். அந்த வயிற்றெரிச்சல் தெரிந்தவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதலில் கொஞ்சம் சிரியுங்கள். நான் கடைசி மட்டும் சிரிப்பேனென்று சொல்லமாட்டேன்.

இந்தியாவைப் பார்த்த டிஷ்

பேசாலையில் இரண்டு வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி. தூரத்தில் இடி உருண்டாலே வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். ரிவியை வெள்ளைச் சீலையால் மூடி, மேலே செபமாலையையும் வைப்பார். அப்படியிருந்தும் ரிவி கருகிவிட்டதென்று ஆள் விட்டிருந்தார். போய்ப் பார்த்தால், கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயர் மட்டும் ரிவியின் முதுகில் அப்படியே செருகிக் கிடக்கிறது.

கூரையில் விழுந்தது வயர் வழியாக இறங்கி வந்திருக்கிறது, இனிமேல் இதையும் கழற்றுங்கோ என்றேன். மனுசன் முற்றத்தில் இறங்கி டிஷ்ஷை அண்ணாந்து பார்த்தார். ரிவி போனதைவிட இது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. "அது இந்தியாப் பக்கம் பாத்தெல்லோ நிக்குது தம்பி, எங்கட இடி ஏன் அதுக்குள்ள போகுது?"

கிடா கட்டிய கம்பி

வீட்டுக்குள் ஏறி வரும் வேண்டாத கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவது எர்த் கம்பி. காய்ந்த மணலில் அது சும்மா நிற்கும். ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். எங்கள் ஊரில் மணலுக்கா பஞ்சம்! அதனால் நான் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பேன். டவுணில் ஒரு ரீச்சர் வீட்டில் வேர்க்க விறுவிறுக்க அப்படி ஒன்றை அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாரியில் ரிவியும் போய், இன்ரநெட் பெட்டியும் போய்விட்டதென்று கூப்பிட்டார். கிணற்றடியில் கம்பியைக் காணோம். மணல்தானே, ஆட்டி ஆட்டிப் பிடுங்கியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் அது அரைவாசி புதைந்து நின்றது. அதில் ஒரு கிடா கட்டியிருந்தது. நான் கிடாவைப் பார்க்க, கிடா என்னைப் பார்க்க, ரீச்சருக்கு மட்டும் ஒரு கூச்சமுமில்லை. "நாலு மாசமா அது ஒரு வேலையும் செய்யேல்லையே தம்பி, இப்ப ஒரு ஆட்டையாவது பிடிச்சு வச்சிருக்குது."

சொன்னதைக் கேட்ட ஒரே ஆள்

சிலாவத்துறைப் பக்கம் இருக்கிறார் றஹீமா அக்கா. அவருடைய கணவர் கடலுக்குப் போனவர். சீனி வருத்தம் கூடி, பார்வையும் மங்கி, இப்போது வீட்டோடுதான். ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். வெக்கையில் கெட்டுப்போனால் ஊசி போட்டும் ஒன்றுதான், போடாமல் விட்டும் ஒன்றுதான். அந்த வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது அதற்காக.

கொண்டுபோய் வைத்தவன் நான். கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் வெட்டிவிடுகிற சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டச் சொன்னேன், பூட்டினார். கிணற்றடியில் எர்த் கம்பி அடிக்கச் சொன்னேன், அடித்ததோடு நிற்காமல், ஐந்து நேரத் தொழுகைக்கும் கை கால் கழுவி வுழூ எடுக்கிற தண்ணீர் அதன் காலடிக்கே ஓடும்படி ஒரு வாய்க்காலும் வெட்டிவிட்டார். கடல் பக்கம் கறுத்தாலே பிளக்கைக் கழற்றிவிடுவார். இடி ஓய்ந்து அரை மணித்தியாலம் போனபிறகுதான் திரும்பப் போடுவார், அதுவரை ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க ஒருவரையும் விடமாட்டார். அந்த வழியால் போனபோது ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் காட்டினார். "நீங்க சொன்ன மாதிரித்தான் தம்பி செய்யிறன், ஒண்டும் விடேல்ல."

ஒரு சின்னச் சரி

வொரண்டிக் காலத்துக்குள் பொருள் தானாகப் பழுதானால் கடை மாற்றித் தர வேண்டும். மின்னல் அடித்துப் பழுதானால் தரத் தேவையில்லை. எங்கள் படிவத்தில் 'பழுதுக்கான காரணம்' என்று ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. வேலைக்கு வந்த புதிதில் நான் ஐந்தையும் பாவித்தேன். போகப்போக மின்னலைத் தவிர மற்ற நாலையும் மறக்கச் சொல்லி எனக்குப் பழக்கினார்கள்.

எங்கள் மனேஜர் குரல் உயர்த்திப் பேசாத மனுசன். எனக்கு அவரில் எரிச்சல் வருவதே அதனால்தான்; சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போடலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த ஊரில் வேறு வேலையுமில்லை. இதைச் சாட்டாகத்தான் சொல்கிறேன், நியாயமாக இல்லை. ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டேன், சோளகக் காற்று அடிக்கிற வெயில் காலத்தில் ஏது சேர் மின்னல் என்று. அவர் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடினார். "மின்னல் வந்து, நான் இல்லையெண்டு சாட்சி சொல்லப் போகுதோ?"

அடம்பனில் கேட்டது

போன ஆவணி. குளமெல்லாம் வற்றி, வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. அடம்பனில் ஒரு வயற்காரரின் ரிவி, வாங்கி ஆறு மாதத்தில் தானாகச் செத்துப்போனது. மின்னல் என்று நிரப்பிய படிவத்தை அவரிடம் நீட்டினேன். கத்துவாரென்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கதிரையை விட்டு எழும்பி, கையை நெற்றியில் வைத்து வானத்தை நாலு திசையும் பார்த்தார். "அந்த மின்னலோட கொஞ்ச மழையையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே தம்பி, குளம் வத்திக் கிடக்குது."

றஹீமா அக்காவின் படிவம்

அதே ஆவணியில் றஹீமா அக்காவின் ஃபிரிட்ஜும் நின்றது. வொரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. போய்ப் பார்த்தேன். கரண்டை வெட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியில் பச்சை லைட் எரிகிறது. கிணற்றடிக் கம்பியைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறது. வயரில் ஒரு கருகலுமில்லை. கொம்பிறசர் தானாகச் செத்திருந்தது. அதே ரக ஃபிரிட்ஜில் அந்த வருடம் நான் கண்ட மூன்றாவது சாவு அது. இந்தக் கரையிலேயே மின்னல் நுழைய வழியில்லாத ஒரே வீடு. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைக்கு வந்தேன். மனேஜர் படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனையின் மூடியையும் கழற்றித் தந்தார். மின்னல் என்ற பெட்டியில் சரி போட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருகிறது.

மின்னல் அடித்ததால் மாற்றித் தர முடியாதென்ற கடிதத்தை நானே கொண்டுபோனேன். மூலையில் ஈர மணல் நிரப்பிய மண்பானை, அதற்குள் மருந்துக் குப்பிகள். வெளியே சோளகம் நெருப்பாக வீசுகிறது. உள்ளே அவர் கணவர் படுத்திருந்தார். இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்க அந்த வீட்டில் வழியில்லை என்பது எனக்குத் தெரியும். றஹீமா அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அடம்பன்காரர் மாதிரி ஒரு சொல் நக்கலாகச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவர் நம்பினார். நான் சொன்னதென்பதால் நம்பினார். எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, விரல்களை மடக்கி நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தார். வெட்கத்தில் தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தேன். நான் எழும்பும்போது அவரும் வாசல் மட்டும் வந்து, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிழை என்னிலதான் தம்பி, மையத்து வீட்டுக்குப் போன அண்டைக்குப் பிளக்கைக் கழட்டாம விட்டிருப்பன், இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ."

இடி உள்ளே வராமல் இருக்க அந்த வீட்டில் எல்லாம் பூட்டிக் கொடுத்தேன், நான் உள்ளே வராமல் இருக்கத்தான் ஒன்றும் பூட்டிக் கொடுக்கவில்லை.