தமிழ்த் தெருவுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்

அகதிகளோட சேர்ந்து ஆய்வு பண்ற வேலையில நான் கேட்ட முதல் கேள்விக்கே ஒரு அக்கா பையைத் தூக்கிட்டு எழுந்துட்டாங்க. பதினொண்ணாம் கிளாஸைப் பாதியில விட்டவனுக்கு, தமிழும் ஹிந்தியும் பேசுவான்னு கிடைச்ச வேலை. புரியாத வேலையில மாட்டினவங்களுக்கு என் கஷ்டம் தெரியும்.

முதல் கேள்வி

அவங்க ஜெயந்தி அக்கா. இலங்கைக்காரங்க, மும்பையில தமிழாளுங்க நிறைய இருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்ப் ஏரியாவுல வாடகை ரூம். எங்க தாராவியில தமிழாளைப் பாத்தா எல்லாரும் கேக்குறதைத்தான் கேட்டேன்: எந்த ஊரு? அவ்வளவுதான். ஆய்வு நடத்துற மேடம் ஓடி வந்து அவங்களை உக்கார வச்சாங்க. அப்புறம் என்கிட்ட, "இன்னைக்கு நீ டீ மட்டும் குடு."

பச்சையும் சிவப்பும்

மேடத்தோட ஆய்வு எல்லைகளைப் பத்தி. எல்லைன்னா நாட்டு எல்லை மட்டும் இல்லையாம். தினம் போற வழியில எங்கெல்லாம் பயந்து நிக்கிறோமோ அதுவும் எல்லையாம். வர்றவங்களே அவங்க வழியை வரைஞ்சு, பயத்துக்குச் சிவப்பு, நிம்மதிக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டணும். அக்கா ரயில்வே ஸ்டேஷனுக்குப் பச்சை ஒட்டினாங்க. தமிழ் மளிகைக்கடை, கோயில், தண்ணிக்குழாய் எல்லாம் சிவப்பு. மாத்தி ஒட்டிட்டாங்கன்னு பிய்க்கப் போனேன். கையைத் தட்டி விட்டாங்க.

"ஹிந்திக்காரருக்கு நான் வெறும் மதராசி, தம்பி. தமிழ் ஆக்கள்தான் நான் வாய் திறந்த உடன எந்த ஊர் எண்டு கேக்கினம்."

உளுந்து

மறுநாள் அந்த மளிகைக்கடையில அக்கா உடைஞ்ச ஹிந்தியில உளுந்து கேட்டாங்க. திருநெல்வேலி அண்ணாச்சி அதைவிட உடைஞ்ச ஹிந்தியில விலை சொன்னாரு. நடுவுல நான், எந்த பாஷையில பேசுறதுன்னு தெரியாம முழிச்சேன். அக்கா போனதும் அண்ணாச்சி சொன்னாரு: "பாவம், ஹிந்தியும் வரல. எந்த ஊருன்னு கேளுல."

கேம்ப் ஹால்

ஸ்டிக்கர் ஒட்டின படங்களை மேடத்தோட காலேஜ்ல மாட்டத்தான் அக்கா சம்மதிச்சிருந்தாங்க. மேடம் திடீர்னு கேம்ப் ஹாலுக்கு மாத்திட்டாங்க. அது அக்கா ரூமுக்கு எதிர்ல. இலங்கைன்னா குடுக்கமாட்டாங்கன்னு, வீட்டுக்காரம்மாகிட்ட தூத்துக்குடின்னு சொல்லித்தான் அக்கா ரூம் பிடிச்சாங்க. படத்துல அவங்க சந்து, குழாய், மாடிப்படி எல்லாம் அப்படியே இருக்கு. யார் படம்னு பாத்ததும் தெரியும், ரூம் போயிடும். மேடம்கிட்ட சொன்னேன். பேரே போடலையே, இங்க இருக்கிறவங்க பாக்கலைன்னா ஆய்வு எதுக்குன்னாங்க. அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்துச்சு. எனக்குக் குழம்பிப்போச்சு.

அக்கா படத்தை என் கையில குடுத்து மேடம் சொன்னாங்க: "அதை வாசல்லயே மாட்டு, எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பங்கெடுக்கிற ஆய்வுன்னு சொன்னாங்களே, அதுல என் பங்குக்கு அந்த ஒரு படத்தை மட்டும் நான் மாட்டல.