பொரியாத வடாம்

உத்திரமேரூர் ஆதிலட்சுமி மல்லுக்கு நின்று ஜெயித்தவை இவை: "வயசுப் பொண்ணு பட்டணத்துல தங்கறதா?" என்ற அப்பாவின் பிடிவாதம், இரண்டு முறை காலை வாரிய கணக்குப் பரீட்சை, காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, கடைசியாக, புரோப்பேன் என்ற முரட்டு வாயு.

சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் அதுவும் ஒன்று. அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டால் புரோப்பிலீன். அதை வைத்து பிளாஸ்டிக் கயிறு, சாக்கு எல்லாம் செய்யலாம். ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிடாது. பழுக்கக் காய்ந்த குழாய்க்குள், அலுமினா என்ற வெள்ளைத் தூளைப் பிசைந்து பிழிந்து, குரோமியம் ஏற்றிய குச்சிகளுக்கு நடுவே புகுத்தினால்தான் வழிக்கு வரும். குச்சிகளில் கரி பிடித்தால், காற்றை ஊதி எரித்துவிட்டு மறுபடி வேலை வாங்க வேண்டும்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்தக் குச்சிகளைப் பிழிவதுதான் ஆதியின் தற்காலிக வேலை. இரண்டு தடவை குழாய்க்குள் எல்லாம் தூளாகிவிட்டன. வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு வருகிறது. மூன்றாவதும் தூளானால் திட்டத்துக்கு மூடுவிழா. ஆதி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து உலர்த்தும் அடுப்பும் படுத்துக்கொண்டது.

ஆதி அசரவில்லை. அலுமினா மாவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வந்தாள். மறுநாள் காலை பழைய முறுக்கு அச்சில் பிழிந்து, மாடியில் வேட்டி விரித்து, அக்னி நட்சத்திர வெயிலில் காயவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தால் வேட்டி காலி. அடுக்களையில் எண்ணெய் வாசம்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற!"

"இன்னாடி கத்தற?" என்றாள் அம்மா முனியம்மாள், ஜல்லிக்கரண்டியை ஆட்டியபடி. "பொண்ணு வடாம் போட்டு கீதேன்னு ஆசையா எண்ணெ வெச்சேன். ஒண்ணுகூட பொரியல. உப்பும் இல்ல. இதுக்கா பட்டணத்துல சம்பளம் குடுக்கறாங்க?"

அண்ணன் தாண்டவராயன் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தாடையைப் பிடித்துக்கொண்டான். "யம்மா, பல்லு ஆடுது! அடுத்த வாட்டி ஜல்லிய வறுத்துப் போடு, அதுவே தேவலாம்."

ஆதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேறு மாவு இல்லை. எப்படியும் ஆய்வுக்கூடத்து உலையில் எண்ணெய் எரிந்துபோகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பொரித்ததையே டப்பாவில் அள்ளிப்போனாள். உலையில் சுட்டாள், குரோமியம் ஏற்றினாள், மறுபடி சுட்டாள், குழாயில் நிரப்பினாள். பொரித்த கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை குழுவினர் முன்னிலையில் வாயுவை ஓட்டி முடித்துக் குழாயைக் கழற்றினார்கள். ஒரு குச்சியும் உடையவில்லை. புரோப்பிலீனும் முன்னைவிட அதிகம். திட்டம் தொடரட்டும் என்று சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது.

"எப்படிம்மா உலர்த்தினே?" என்று கேட்டார் மேலதிகாரி ராஜாராம்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். "வெயில்ல உலர்த்தினது பாதிதான் சார். அப்புறம் பொரிச்சோம்."

"எதுல?"

"கடலெண்ணெயில. எங்கம்மா வடாம்னு நெனச்சிட்டாங்க."

ராஜாராம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எண்ணெய் எரிந்துபோன இடமெல்லாம் வாயு போய்வரத் துளையாகியிருக்கலாம் என்றார். "இன்னொரு ஈடு பொரிச்சுத் தருவாங்களா?"

"மாட்டாங்க சார். எண்ணெய் தண்டம்னு திட்டறாங்க."

அறிக்கைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். தயாரித்தவர் என்ற கட்டத்தில் அதுவரை அவர்தான் கையெழுத்திடுவார். தற்காலிக ஆட்களுக்கு அங்கே இடம் கிடையாது. செய்முறைக் கட்டத்தில் 'கடலை எண்ணெயில் பொரித்தது' என்று எழுதி, அதன் கீழே ஆதி முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்: 18.5.1984.